மூடி தெறித்த காலை

முதல் 'டப்' கேட்டபோது சின்னவள் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். இரண்டாவது 'டப்' கேட்டது. அதற்கப்புறம் சோளம் பொரிகிற மாதிரி வரிசையாக, டப், டப், டப்!

வாயில் நுரையோடு ஓடினாள்.

மேசை மேல் முந்தின நாள் சாயங்காலம் அடுக்கி வைத்த கண்ணாடி ஜாடிகள் ஒவ்வொன்றாகத் தக்கை மூடியைத் துப்பிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்த குளியல் உப்பு நுரைத்துப் பொங்கி, கழுத்து வழியாக வழிந்து, மேசை விரிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தக்கை கூரையில் மோதி, நேராக அண்ணனின் காபிக் கோப்பைக்குள் விழுந்தது.

"யாரு சுட்டது?" என்றான் அண்ணன், சட்டையெல்லாம் காபியாக.

பஸ் ஓட்டுகிறவன் அவன். ரோட்டில் எது குறுக்கே வந்தாலும் பதறாத ஆள். தக்கைக்குப் பதறிவிட்டான்.

சின்னவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது அண்ணியை.

அண்ணி வாசற்படியில் நின்றாள். நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

சின்னவளுக்கு அண்ணிதான் கவலை. ஜாடி போனால் போகட்டும். அண்ணி மறுபடியும் படுத்துவிடக் கூடாதே!

அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருந்தவள். கோடை தொடங்கும்போது தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மூடிய மறுநாளிலிருந்து அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்தாள். கேட்டால் பதில் வரும். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். அவ்வளவுதான். தையல் மெஷின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடியவள், தன் மேலும் ஒன்றை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அப்படி இருந்தவளை எழுப்பியது ஒரு தொட்டி வெந்நீர். சின்னவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் டியூட்டி முடிந்து, கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கி, சோபாவில் விழுந்து கிடந்தாள். அண்ணி சத்தமில்லாமல் எழுந்து வந்தாள். வெந்நீர் வைத்தாள். கல் உப்பும், மருந்துக்கடை எப்சம் உப்பும் கலந்தாள். இரண்டு சொட்டு லாவெண்டர் எண்ணெய் விட்டாள். நாத்தனாரின் காலை எடுத்து உள்ளே வைத்தாள். "நல்லா இருக்கா?" என்று கேட்டாள். பல வாரத்துக்கு அப்புறம் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அன்றிலிருந்து சின்னவள் அந்த உப்பைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்குவதற்காகச் சமையல் சோடாவும், எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் அமிலமும் சேர்க்க வைத்தாள். மாடி வீட்டுக்காரிக்கு ஒரு டப்பா, ஆஸ்பத்திரித் தோழிகளுக்கு ஒரு டப்பா. அதில் ஒன்று சுற்றிச் சுற்றி ஏரிக்கரையில் புதிதாகத் திறக்கப்போகும் தங்கும் விடுதியின் மேனேஜரம்மா கைக்குப் போனது. ஒவ்வொரு அறைக் குளியலறையிலும் ஒரு ஜாடி வைக்க வேண்டும் என்றாள் அவள். திறப்பு விழா இன்றைக்குச் சாயங்காலம்.

இன்றைக்குக் காலையில் ஜாடிகள் மேசை மேல் நுரை கக்கிக்கொண்டிருந்தன.

"என் கை பட்டா எதுவும் விளங்காது, குட்டி," என்றாள் அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் அப்பவே சொன்னேன்ல."

"அண்ணி, இருங்க. இது உங்க கையால வந்ததில்ல." சின்னவள் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு ஜாடியை எடுத்து மோந்தாள். "ஈரம் பட்டிருக்கு. சோடாவும் எலுமிச்சை உப்பும் காஞ்சு கிடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி. ஒரு சொட்டு தண்ணி பட்டாப் போதும், பங்காளிச் சண்டை. ராத்திரி நாம வைக்கும்போது எல்லாம் காஞ்சுதானே இருந்தது?"

"எலும்பு மாதிரி காஞ்சிருந்தது."

"அப்போ தண்ணி எப்படிப் போச்சு?" மறுபடி மோந்தாள். லாவெண்டர் வாசனைக்கு நடுவில் வேறு ஏதோ இனிப்பாக மூக்கில் ஏறியது. "இது... பன்னீர் வாசனை!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

கதவோரத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முந்தானைக்குள் ஏதோ ஒளித்துவைத்திருந்தாள். முந்தானை நனைந்திருந்தது.

"என்னம்மா அது?" என்றான் அண்ணன்.

"ஒன்னுமில்லடா."

"அம்மா!"

பன்னீர் பாட்டில் வெளியே வந்தது. முக்கால்வாசி காலி.

"வாசனை பத்தலையோன்னு தோணுச்சு," என்றாள் அம்மா, தப்புச் செய்த குழந்தை மாதிரி. "பெரிய இடத்துக்குப் போகுது. நம்ம வீட்டுப் பொண்ணு பண்ணது நாலு பேர் மெச்சணும்ல? அதான் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஒவ்வொன்னா திறந்து, லேசா ஒரு தெளி தெளிச்சேன். மூடி கழன்றுடக் கூடாதுன்னு நல்லா அழுத்தி வேற மூடினேன்."

சின்னவள் அம்மாவையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொள்கிற ரகமில்லை. ஆனால் தொழிற்சாலை மூடியதிலிருந்து ஒட்டிக்கொள்கிற ரகமும் இல்லை. 'எத்தனை நாளைக்கு இப்படிப் படுத்திருப்பா?' என்று அம்மா பக்கத்து வீட்டில் கேட்டது, போன மாதம் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தது.

அண்ணி தலை நிமிர்ந்தாள். "நல்லா அழுத்தி மூடினீங்களா, அத்தை?"

"ஆமாம்மா. கட்டை விரல் வலிக்குற அளவுக்கு."

அண்ணியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துச் சின்னவள் பக்கத்தில் குனிந்தாள். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராத சிரிப்பு, பிறகு மூக்கு வழியாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "வெடிகுண்டு செஞ்சிருக்கீங்க, அத்தை! உங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா நாலு மலையைப் பொளந்துடலாம்!"

அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

"சரி, இப்ப என்ன பண்றது? போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடலாமா?" என்றான் அண்ணன், கோப்பையிலிருந்து தக்கையை எடுத்தபடி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள்.

"எதுக்கு முடியாதுன்னு சொல்லணும்? சாயங்காலத்துக்குத்தானே கேட்டாங்க? இன்னும் விடிஞ்சே முடியல."

"அண்ணி, எலுமிச்சை உப்பு ஒரு துளி மிச்சமில்ல. ஜாடியெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. கழுவினா சுத்தமா காயணும். கழுத்துக்குள்ள ஈரம் நின்னா உப்பு கட்டி தட்டிப் போயிடும்."

"அப்போ பொங்குற உப்பு வேணாம். ஜாடியும் வேணாம்." அண்ணி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். "பை தைக்கிறேன். மெல்லிசு துணியில சின்னச் சின்னப் பை. பையோட தண்ணியில போட்டா உப்பு கரையும், மிச்சமெல்லாம் பைக்குள்ளயே நிக்கும்."

சொல்லிக்கொண்டே உள்ளறைக்குப் போனாள். போர்வையை உருவிக் கட்டிலில் எறிகிற சத்தம் கேட்டது. சின்னவள் எட்டிப் பார்த்தாள். தையல் மெஷினின் கறுப்பு உடம்பு கோடைக்கு அப்புறம் முதல்முறையாக வெளிச்சத்தில் நின்றது. அண்ணி சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள்.

"எண்ணெய் கேக்குது கழுதை," என்றாள். "குட்டி, நீ மருந்துக்கடைக்கு ஓடு. எப்சம் உப்பு இருக்கிறதெல்லாம் வாங்கிட்டு வா. அத்தை, ஆரஞ்சுப் பழம் உரிங்க. தோலோட வெள்ளைப் பகுதி வராம, மேல் தோல் மட்டும். என்னங்க, நீங்க கல் உப்பைத் தட்டுல பரப்பி ஓவன்ல வைங்க. குறைச்ச சூடு. எப்சம் உப்பை மட்டும் அதுல வச்சுடாதீங்க, அது தன் ஈரத்துலயே உருகிப் பாயாசமாயிடும்."

"நான் குளிச்சுட்டு..."

"அப்புறம் குளிக்கலாம்."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். தங்கை அண்ணனைப் பார்த்தாள். இரண்டு பேரும் மறுபேச்சுப் பேசாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். சின்னவள் மூச்சு வாங்கக் கேட்டதும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"இருக்கிற பாக்கெட் எல்லாமா? இது பேதிக்குக் குடிக்கிற உப்பும்மா. தெரியும்ல?"

"தெரியும் சார், நர்ஸ்தான் நான்."

"அதான் கேக்குறேன். ஊருக்கே வயித்தைக் கலக்கணுமா?"

"குடிக்க இல்ல சார், குளிக்க!"

"குளிக்கவா?" அவர் பாக்கெட்டுகளை எடுத்து அடுக்கினார். அவருடைய முகத்தைப் பார்த்தால் நம்பிய மாதிரி இல்லை. "எதுக்கும் வாயை மூடிக்கிட்டுக் குளிங்க. உள்ள போயிடப் போகுது."

சின்னவள் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு பாதி நடையும் பாதி ஓட்டமுமாகத் திரும்பினாள். முக்கு திரும்பும்போதே கேட்டுவிட்டது. திறந்த ஜன்னல் வழியாகத் தையல் மெஷின் தெருவுக்கே கேட்கிற மாதிரி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நின்று கேட்க நேரமில்லை, வேகத்தைக் கூட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்தால் வாசனை தூக்கியது. சூடான உப்பு, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் மெஷின் எண்ணெய். அம்மா மேசையைத் துடைத்து, தோலை ஊசி மாதிரி நறுக்கிப் பரப்பியிருந்தாள். உப்புத் தட்டை இறக்கியதும் அந்தத் தோல் ஓவனுக்குள் போனது. அண்ணன் காய்ந்த கல் உப்பைத் துணிக்குள் சுற்றி, பூரிக்கட்டையால் தட்டிக்கொண்டிருந்தான்.

"இடிக்காதீங்க, தட்டுங்க! மாவாக்கிடாதீங்க, கல்லு தெரியணும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கண்ணு பின்னாடியும் இருக்குடி உனக்கு," என்று அண்ணன் கத்தினான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அண்ணி துணியை எட்டாக மடித்து, சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கத்தரியை விட்டாள். பெரிய கத்தரி. ஒரே மூச்சில் மேலிருந்து கீழ்வரை சர்ரென்று போனது. நடுவில் கை நிற்கவில்லை. பிசிறு இல்லை. அந்தக் கை வெட்டுவதைப் பார்த்து வெகு நாளாகிவிட்டது சின்னவளுக்கு.

கலவை சின்னவள் பொறுப்பு. கல் உப்பு ஒரு பங்கு, எப்சம் உப்பு இரண்டு பங்கு. லாவெண்டர் எண்ணெயை நேராக உப்பில் விடவில்லை. "நேரா விட்டா தண்ணி மேல மிதந்து, தோல்ல பட்ட இடத்துல எரியும்," என்று சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி பாதாம் எண்ணெயில் முதலில் கலந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பில் தெளித்துப் பிசறினாள்.

"இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடேன், மினுமினுன்னு இருக்கும்ல," என்றாள் அம்மா.

"தொட்டி வழுக்கிடும்மா. குளிக்க வந்தவங்க எங்க வார்டுக்கு வந்து சேருவாங்க."

அம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நான் இனிமே எதுலயும் எதையும் தெளிக்க மாட்டேன், போதுமா?" என்றவள், கொஞ்சம் தயங்கி, தைக்கிற அறைப்பக்கம் குரலை உயர்த்தினாள். "ஏம்மா, கயிறு கட்டுற வேலையாவது குடு. சும்மா நிக்க முடியல."

"வாங்க அத்தை. இங்க பக்கத்துல உக்காருங்க."

அம்மா போய் உட்கார்ந்தாள். ஒருத்தி தைத்துத் தள்ள, இன்னொருத்தி நிரப்பி முடிச்சுப் போட்டாள். நடுவில் ஏதோ பேசினார்கள். மெஷின் சத்தத்தில் சின்னவளுக்குக் கேட்கவில்லை. அம்மா ஒருமுறை மருமகளின் முழங்கையைத் தொட்டதையும், அண்ணி காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்ததையும் மட்டும் பார்த்தாள். பிறகு மெஷின் மறுபடி ஓடியது. முன்னைவிட வேகமாக.

வெயில் சாய்வதற்குள் பெரிய அட்டைப் பெட்டி நிரம்பிவிட்டது. அடியில் காகிதம், மேலே வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டிப் பைகள், புதிதாகப் பிறந்த கோழிக்குஞ்சுகள் மாதிரி. சின்னவள் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டினாள். 'வெந்நீரில் போட்டு ஊறவும். காயம் இருந்தால் வேண்டாம். குடிக்கக் கூடாது.' கடைசி வரி மருந்துக்கடைக்காரருக்காக.

அண்ணன் பழைய காரை எடுத்தான். அண்ணி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் "பார்த்து, பார்த்து" என்றாள்.

"பஸ்ஸு நிறைய ஆளை ஏத்திக்கிட்டுப் போறப்பகூட யாரும் என்னை இப்படி மிரட்டினதில்ல," என்றான் அவன்.

விடுதி வாசலில் ஏணியும் பூத்தொட்டியும் ஆட்களுமாக ஒரே களேபரம். அண்ணன் காரிலேயே இருந்துகொண்டான். மேனேஜரம்மா உள்ளே ஒரு கையில் போனும் இன்னொரு கையில் சாவிக்கொத்துமாக நின்றாள். உயரமான குதிகால் செருப்பு. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

பெட்டியைத் திறந்து பார்த்ததும் புருவம் சுருங்கியது.

"ஜாடி எங்க?"

"ஜாடி இல்லைங்க. பையா கொண்டுவந்திருக்கோம்," என்றாள் சின்னவள் அவசரமாக.

"பொங்குமா? நான் பார்த்தது தண்ணியில போட்டதும் நுரையா பொங்குச்சே. அதுக்காகத்தானே கேட்டேன்?"

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். காலையில் நடந்ததைச் சொல்வதா? வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பதா?

அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இது பொங்காதுங்க," என்றாள். "பொங்குற உப்பு காலைல வீணாப் போச்சு. இதை இன்னைக்குச் செஞ்சேன். பொங்குறது கண்ணுக்கு நல்லா இருக்கும், ஒரு நிமிஷத்துல அடங்கிடும். இது உடம்புக்கு. நீங்களே போட்டுப் பாருங்க. பிடிக்கலேன்னா பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுறோம்."

"எனக்கு எங்கம்மா நேரம்?"

"நிக்கிற நேரத்துல உக்காருங்க. அவ்வளவுதான்."

மேனேஜரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று பக்கத்து அறைக்குள் நடந்தாள். குளியல் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். அண்ணி ஒரு பையைப் போட்டாள். பை ஒருமுறை மூழ்கி எழுந்து, மெதுவாகச் சுற்றியது. ஆவியில் ஆரஞ்சு வாசனை ஏறியது. நுரை இல்லை. சத்தம் இல்லை.

"கால் வைங்க," என்றாள் அண்ணி.

மேனேஜரம்மா செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் தோல் சிவந்து கன்றியிருந்தது. சின்னவள் குனிந்து, புண் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். மேனேஜரம்மா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டாள்.

மேனேஜரம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. கண்ணை மூடினாள். போன் அடித்தது. எடுத்தாள்.

"கொஞ்ச நேரம் யாரும் எனக்குப் போன் பண்ணாதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சின்னவள் அண்ணியின் கையைப் பிடித்து நசுக்கினாள். அண்ணி திருப்பி நசுக்கினாள். கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன, பலமான கை.

"கீழ்த்தளத்துல ஒரு அறை சும்மா கிடக்கு," என்றாள் மேனேஜரம்மா கண்ணைத் திறக்காமலே. "வர்றவங்களுக்குக் கால் வைக்க, ஆவி பிடிக்கன்னு ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாளா நினைப்பு. ஆள்தான் கிடைக்கல. பையும் நீங்களே தைச்சீங்களா?"

"ஆமா."

"வந்து அந்த அறையைப் பார்த்துக்குறீங்களா? வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க, அவசரமில்ல."

"எப்பலேர்ந்து வரணும்?" என்றாள் அண்ணி.

வெளியே வந்தபோது இரண்டு பேரும் நடந்தார்களா பறந்தார்களா என்று தெரியாது. சின்னவள் கார்க் கதவைத் திறக்கும்போதே கத்திவிட்டாள். "அண்ணா! அண்ணிக்கு வேலை! இங்கேயே! தனி அறை! அடுத்த வாரத்துலேர்ந்து!"

அண்ணன் திரும்பினான். கையில் போன். திரை இன்னும் அணையவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்து, பாதியில் நின்றது.

"என்னங்க?" என்றாள் அண்ணி.

"நல்ல விஷயம். ரொம்ப நல்ல விஷயம்." உதட்டை நனைத்துக்கொண்டான். "இப்பதான் டிப்போலேர்ந்து கூப்பிட்டாங்க. மாத்தல். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற டிப்போவுக்கு. மாசக் கடைசிக்குள்ள போய்ச் சேரணுமாம். வீடும் அவங்களே தர்றாங்களாம்."

சின்னவள் பின் சீட்டில் ஏறி அண்ணியைப் பார்த்தாள். கோடை முழுக்க அண்ணி எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவள். இதற்கும் ஆட்டிவிடுவாளோ?

அண்ணி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்துப் போட்டாள். கணவனை நேராகப் பார்த்தாள்.

"அது உங்க வேலைக்கு வந்த மாத்தல். எனக்கு வேலையே இப்பதான் வந்திருக்கு," என்றாள். "நான் வரேன்னு சொல்லியாச்சு. எப்படிச் செய்யலாம்னு நீங்களும் யோசிங்க, நானும் யோசிக்கிறேன். முதல்ல வண்டியை எடுங்க. காலைலேர்ந்து ஒன்னும் சாப்பிடல, பசி உயிர் போகுது."

அண்ணன் வண்டியை எடுத்தான். இரண்டாம் கியருக்குப் பதில் நாலாம் கியரைப் போட்டான். கார் ஒரு குதி குதித்தது.